ஈறு நிறத்தில் ஒரு கியர்

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் மாமனார் வாயிலிருந்து 'மாப்ளை' என்ற சொல் வரவில்லை. மகளிடம் பேசும்போது 'உன் வீட்டுக்காரர்' என்பார். நேரில் பேச வேண்டி வந்தால் 'இங்க பாருங்க' என்று ஆரம்பிப்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தபால்காரருக்குக் கொடுக்கும் மரியாதைதான் அது. அதுதான் மருமகனை உள்ளுக்குள் அரித்தது.

மாமனார் ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். மருமகன் பல்செட் செய்பவர். அசல் மாதிரியே போலி செய்வதும் ஒரு பிழைப்பா என்று சம்பந்தம் பேசும்போதே மாமனார் கேட்டிருந்தார். பிற்பாடு அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டபோது, மேல் வரிசையும் கீழ் வரிசையும் செய்து கொடுத்தவர் இதே மருமகன்தான். லேசாக மஞ்சள் ஏற்றி, முன்பல் ஒன்றைத் துளி கோணலாக வைத்து, அவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தார். 'இந்த வயசுலயும் சொந்தப் பல்லா?' என்று யாராவது வியந்தால் மாமனார் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். ஒழுங்காக வாழ்ந்தால் எல்லாம் நிலைக்கும் என்பார். உண்மை தெரிந்தவர்கள் அவர், மகள், மருமகன் என மூன்றே பேர். கடவுளைச் சேர்த்தால் நான்கு. நால்வருமே மூச்சு விட்டதில்லை.

அப்படிப்பட்டவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போகுமுன் தன் சைக்கிளை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு சைக்கிள். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு எஞ்சினியரிடம் வாலிபத்தில் வாங்கியது. அதை மகளிடம் கொடுக்காமல் நேராக மருமகன் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"இங்க பாருங்க, இதுல ஒரு திருகாணிகூட நான் மாத்தினதில்ல. ஓட்ட வேண்டாம். தூசி தட்டி வெச்சாப் போதும்."

மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருடத்தில் மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த முதல் பொருள். இது பத்திரமாகத் திரும்பிப் போனால் அந்தச் சொல் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். நான்கு நாள் பக்தியோடு தூசி தட்டினார். ஐந்தாம் நாள் ஏறி ஓட்டினார்.

தெருக்கோடி மேட்டில் கியர் மாற்றியபோது பின்னால் 'டக்' என்றது. சங்கிலி அவிழ்ந்து தொங்கியது. இறங்கிப் பார்த்தால், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற கருவியின் கறுப்புக் கை இரண்டு துண்டு.

சைக்கிள் கடைக்காரம்மா துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் கனம் குறைய வேண்டும் என்று அந்தக் கம்பெனி இதைப் பிளாஸ்டிக்கில் செய்ததாம். வயதானால் எல்லாமே இப்படித்தான் உடையுமாம். இரும்பில் புதிது இருக்கிறது, அரை மணியில் மாட்டிவிடலாம், இதைவிட நன்றாகவே ஓடும் என்றாள். மருமகன் இதே மாதிரிதான் வேண்டும் என்று கெஞ்சினார்.

"அப்போ அந்தக் கம்பெனியத்தான் மறுபடி தொறக்கச் சொல்லணும்," என்றாள். பிறகு உடைந்த முனையை நகத்தால் சுரண்டினாள். "இது ஏற்கெனவே உடைஞ்சதுங்க. உள்ள பழைய பசை இருக்கு பாருங்க. யாரோ நல்லா ஒட்டி, மேல கறுப்பு அடிச்சிருக்காங்க."

மருமகன் பார்த்தார். பசை மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அந்த 'யாரோ' யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் துண்டுகளை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"இந்தக் குட்டிச் சக்கரத்துப் பல்லுகூட தேஞ்சிருக்கு," என்று அவள் சும்மா சொல்லி வைத்தாள். "பல்லு உங்க சமாச்சாரம்தானே."

சும்மா சொன்ன அந்த வார்த்தைதான் வினையாயிற்று. மறுநாள் மத்தியானம் பல்செட் பட்டறையின் கதவைச் சாத்திக்கொண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தார். பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்தார். கடைவாய்ப் பல்லுக்கு அளவு எடுப்பதைவிடக் கவனமாக எடுத்தார். வார்ப்பதற்குப் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பொருள்: ஈறு செய்கிற பிளாஸ்டிக். அதில் ஒரே ஒரு நிறம்தான் உண்டு. வெந்து வெளியே வந்தபோது, அந்தக் கை பிறந்த குழந்தையின் பொக்கைவாய் மாதிரி பளபளவென்று ரோஜா நிறத்தில் சிரித்தது. கறுப்பு வண்ணத்தை இரண்டு பூச்சு பூசி அந்தச் சிரிப்பை அடக்கினார்.

மனைவி ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன். கடிச்சா தின்னுடுவார்?"

"கடிக்கமாட்டார். அந்தப் பல்லே நான் செஞ்சதுதான்," என்றார் அவர். ஆனால் சொல்லத் துணிவு வரவில்லை. படுக்கும்போது பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தார். பொய்க்குத் துணை நிற்கும்படி கடவுளிடம் எந்த வாயால் கேட்பது என்று தெரியவில்லை. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று பொதுவாக வேண்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

மாமனார் ஒரு மாதம் கழித்து வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகும் கண் மங்கலாகத்தான் இருக்கும் என்ற நப்பாசையும் பொய்த்தது. கண் அரைப்புள்ளியைக்கூட அடுத்த தெருவிலிருந்து படிக்கும் அளவுக்குத் தெளிந்திருந்தது. குனிந்து சைக்கிளை முன்னிருந்து பின்னாக, அச்சுப்படி பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தார். கறுப்புக் கை அருகில் சற்று நின்றார். பிறகு ஏறி ஓட்டிக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் கழித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சங்கிலியைச் சுருட்டிக் கைப்பிடியில் மாட்டியிருந்தார். மகளைக் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, உள்ளங்கையை விரித்தார். இரண்டு துண்டு. வெளியே கறுப்பு, உடைந்த இடத்தில் ரோஜா.

"இந்த நிறத்தை எங்கயோ பார்த்திருக்கேன்," என்றார் மெதுவாக. "தினம் காலையில டம்ளர்ல பார்க்கறேன்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். "ஓட்டக் கூடாதுன்னீங்க. ஓட்டிட்டேன் மாமா. உடைஞ்சுது. உங்ககிட்ட மறைக்கப் பார்த்தேன். தப்புதான்."

மாமனார் துண்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பழசு உடைஞ்சுதே… அதுக்குள்ள ஏதாவது பார்த்தீங்களா?"

மருமகனுக்கு நல்ல சந்தர்ப்பம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் சமம். மஞ்சள் பசை ஒட்டிய துண்டுகள் பட்டறை மேசை டிராயரில் சாட்சிக்குத் தயாராகவே இருந்தன.

"இல்ல மாமா. நான் கவனிக்கல."

மாமனார் அவர் முகத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருடம் எத்தனையோ பேர் எழுத்தில் பிழை பிடித்த அந்தக் கண், புதிதாய்த் தெளிந்த கண், இந்தப் பிழையையும் பார்த்துவிட்டது. பார்த்தும் திருத்தாமல் விட்டது. நல்ல மனிதர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றச் சொல்லும் பொய்களை ஆண்டவன் எந்தப் பக்கத்தில் எழுதுகிறானோ தெரியாது. அந்தப் பக்கத்தில் அன்று ஒன்று ஏறியது.

உள்ளேயிருந்து மகள் தண்ணீரோடு வந்தாள். மாமனார் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்க மாப்ளை," என்றார். "சைக்கிள் கடையில இது இரும்புல இருக்கான்னு கேட்டுட்டு வரலாம்."

மகள் டம்ளரை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

இரும்புக் கியர் மாட்டியபின் சைக்கிள் கடைக்காரம்மா சொன்னபடியே முன்னைவிட நன்றாக ஓடியது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரிஜினலா என்று கேட்பார்கள்.

"ஒரு திருகாணிகூட மாத்தினதில்ல," என்பார் மாமனார். "வேணும்னா எங்க மாப்ளையக் கேளுங்க."

மாப்பிள்ளை ஆமென்று தலையாட்டுவார். அப்போது மாமனார் வாய் நிறையச் சிரிப்பார். பற்கள் அசலாகவே தெரியும், அந்தக் கோணல் முன்பல் உட்பட.