பால் குடிக்கும் பிள்ளையின் பார்வை

ஓவியருக்குத் தொப்பை பெரிது, தைரியம் சிறிது. பெரிய வீட்டுப் பெண்களைக் கைக்குழந்தையோடு வரைவதுதான் அவர் பிழைப்பு. அதில் ஊரறிந்த ஒரு வழக்கம் உண்டு: முகம் எஜமானியுடையது, கழுத்துக்குக் கீழே பால் கொடுக்க அமர்த்தியவளுடையது. எஜமானிகள் மார்பைத் திறந்துகொண்டு உட்கார மாட்டார்கள். ஆனால் பாலூட்டும் தாயாகச் சுவரில் தொங்க மட்டும் கொள்ளை ஆசை. ஆகவே இரண்டு பெண்களை ஒட்டுப்போட்டு ஒரு தாயைச் செய்வார் ஓவியர். தையற்கடை வைத்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது வரைய வந்த இந்த வீட்டில் பால் கொடுக்க வந்தவளை எல்லோரும் பாலம்மா என்றார்கள். ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து, எஜமானியின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஓவியரை வம்புக்கு இழுப்பாள்.

"என்னண்ணே, என் மூஞ்சிய ஏறெடுத்தே பாக்க மாட்டேங்கிறீங்க?"

"அதுக்கு எனக்குக் கூலி இல்லம்மா."

"இவன் மட்டும் ஓசியிலயே பாக்கறானே!"

உண்மைதான். குடிக்கும்போது பிள்ளை அவள் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காது. அந்தப் பார்வையில் சொக்கிப்போன ஓவியர் அதை அப்படியே வரைந்துவிட்டார். அங்கேதான் சறுக்கினார். பாலம்மா குனிந்து ஊட்டுகிறவள். எஜமானியோ நிமிர்ந்த கழுத்துக்காரி. தலையை மாற்றி வைத்ததும், பிள்ளையின் கண் எஜமானியின் முகத்துக்கு எட்டாமல், அவள் தோளருகே யாருமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துச் சிரித்தது.

எஜமானி படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இவன் யாரைப் பார்க்கிறான்?"

"அது வந்து... வெளிச்சம் அப்படி விழுந்துடுச்சும்மா."

அன்றே பாலம்மாவை வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். வேறொருத்தி வந்தாள். பிள்ளை அவள் மார்பில் வாய் வைக்கவில்லை. கிண்ணத்தில் கொடுத்ததையும் துப்பியது. வீடு முழுக்க அதன் அழுகைதான். பிறகு அதுவும் குறைந்தது. சமையலறைப் பெண்கள் பாத்திரங்களை ஓசைப்படாமல் வைக்கத் தொடங்கினார்கள்.

படத்தைத் திருத்த எஜமானியே பிள்ளையோடு முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப வரைங்க. என்னைப் பார்க்கிற மாதிரி."

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. பாதி மூடிய கண் கதவுப் பக்கமே கிடந்தது.

"பார்க்கலேன்னா கண்ணை மூடி வரைஞ்சிடுங்க. தூங்கறான்னு இருக்கட்டும்."

ஓவியரின் கை நின்றது. கண்மூடிய கைக்குழந்தையை அவர் தொழிலில் ஒரே காரணத்துக்காகத்தான் வரைவார்கள். அவரும் வரைந்திருக்கிறார்: பக்கத்து அறையில் சின்னப் பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, அவசர அவசரமாக.

"அதை மட்டும் மாட்டேம்மா." குரல் எலி மாதிரிக் கிறீச்சிட்டது. "செத்த பிள்ளைக்குத்தான் அப்படி வரையறது. பாலம்மாவைக் கூப்பிடுங்க."

எஜமானியின் கையில் கிடைத்தது தன் மேல் பறந்து வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. எஜமானி குனிந்து பிள்ளையின் மூக்கருகே கன்னத்தை வைத்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள் என ஓவியருக்குப் புரிந்தது.

"நான் தூக்கினாலே வீறிட்டு அழுவானே," என்றாள். "இப்ப ஏன் அழலே?"

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"வண்டியை அனுப்பச் சொல்லுங்க. ஓடுங்க!"

தொப்பை குலுங்க ஓடினார். வண்டி போயிற்று. பாலம்மாவின் வீடு தூரம். பிள்ளையை விட்டுப் போனவள் மார்பை இறுகக் கட்டிப் பாலை வற்றவைத்திருப்பாள். அதை எல்லோரும் நினைத்தார்கள்.

எஜமானி வாசலிலேயே நின்றாள். தெருக்கோடியில் சக்கரச் சத்தம் கேட்டது. யாருடைய வண்டியோ நிற்காமல் கடந்துபோனது.

"என்னைப் பார்க்க வேணாம்டா," என்றாள் பிள்ளையின் காதில். "அழு. அழுதா போதும்."