வாயாடியின் மருந்து

மருந்துச் சீட்டின் மேல்பாதியை மடித்து நீட்டினான் அந்த ஆள். வெளியே தெரிந்தது மாத்திரையின் பெயர் மட்டும். ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குகிற மாத்திரை அது.

“எனக்குத்தாங்க,” என்றான் தரையைப் பார்த்து.

பதினெட்டு வருடம் மருந்துக்கடையில் குப்பை கொட்டியவள் நான். என் காதிலேயே பூ சுற்றுகிறான். மடிப்பைப் பிரித்தேன். வயது நான்கு மாதம் என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “புத்தி இருக்கா உங்களுக்கு? நம்பி நான் பெரியவங்க அளவைச் சொல்லியிருந்தா?”

அவன் கண்கள் கலங்கிவிட்டன. குழந்தைக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகமாம், அதைக் குறைக்கத்தான் இந்த மாத்திரையாம். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மருந்து மதியத்தோடு தீர்ந்துவிட்டது. ஆறு மணிக்கு அடுத்த வேளை. முதல் கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தாராம். அடுத்தவர், அட்டையில் குழந்தைக்கென்று போடவில்லை, கொடுத்தால் போலீஸ் கேஸ் என்று விரட்டினாராம்.

“டாக்டர் எழுதினது குத்தமா அக்கா?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“குத்தமில்ல. கம்பெனி எதுக்கு அனுமதி வாங்குச்சோ அதைத்தான் அட்டையில போடுவாங்க. வேற நோய்க்கும் கேக்கும்னு ஆதாரம் இருந்தா டாக்டர் எழுதலாம், சட்டம் தடுக்கல. அளவு சரியான்னு பாக்கறது என் பாடு. உக்காருங்க.”

டாக்டருக்குப் போன் போட்டேன். குழந்தையின் எடையையும் அளவையும் இரண்டு முறை சொல்ல வைத்தேன். காரணத்தைக் கோப்பில் எழுதி, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன் என்றார். அப்பன்காரன் கையெழுத்துப் போட்டதோடு சரி, பாதி புரியவில்லை போலிருக்கிறது.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, அளந்து, குப்பியில் ஊற்றினேன். அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஐந்தேகால்.

“குப்பியில ஒட்டணும். பாப்பா பேரு?”

“இன்னும் வைக்கல அக்கா.”

பயத்தில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சீட்டிலும் தாய் பெயரைப் போட்டு, ‘குழந்தை’ என்றுதான் இருந்தது.

“வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

லேசாகச் சிரித்தான். “வாயாடி. அழக்கூட மூச்சு பத்தாது அவளுக்கு, சத்தமே வராது. என் வீட்டுக்காரி வச்ச பட்டம்.”

சீட்டில் இருந்ததை எழுதி, எத்தனை மில்லி, எந்த வேளை என்று குறித்து, கீழே கொட்டை எழுத்தில் சேர்த்தேன்: ‘வாயாடிக்கு. நன்றாக மூச்சு விட.’

இரண்டு வாரம் கழித்து, கூட்ட நேரத்தில் போன் அடித்தது. “அக்கா, வச்சிடாதீங்க,” என்றது அவன் குரல். என்னவோ ஏதோ என்று கையிலிருந்த மருந்தைக் கீழே வைத்தேன்.

அடுத்த நொடி போனுக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.