இருவருக்கு ஒரு கோட்டு

குஜந்த் கல்லூரி விடுதியில் நானும் தில்ரோமும் ஒரே அறையில் இருந்தோம். நாட்டின் தெற்கே உள்நாட்டுச் சண்டை ஓயாத வருஷம் அது. விடுதிக் குழாய்களில் வெந்நீர் வருவது நின்று போயிருந்தது. எங்கள் இருவருக்கும் சேர்த்து, வெளியே போட்டுக்கொண்டு போக ஒரே ஒரு கம்பளிக் கோட்டுதான் இருந்தது. பழுப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே வரை நீளம். அது தில்ரோமுடையது. அவளுடைய அத்தை லெனின்கிராடிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. என் கோட்டை நான் சொந்த ஊரான இஸ்ஃபராவில் தங்கைக்கு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதனால் முறை வைத்துக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. செவ்வாய், வியாழன், சனி எனக்கு. கோட்டு இல்லாதவள் அறையில் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருப்பாள். போனவள் அவளுக்கும் சேர்த்துப் பாடக் குறிப்பு எழுதி வருவாள். இருவரும் ஒரே உயரம். சாம்பல் நிறச் சால்வையைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. விடுதிக் காவலுக்கு இருந்த ஸைனப் அக்கா எங்களைப் பார்த்தால், "கோட்டு வெளிய போகுது. உள்ள யாரு இருக்கான்னுதான் தெரியல" என்பாள்.

கோட்டு அவளுடையது என்றால் கறுப்பு கவுன் என்னுடையது. நீளக்கை வைத்த, எந்த அலங்காரமும் இல்லாத சாதாரண கவுன். அதை வைத்துக்கொண்டு தில்ரோம் செய்த வித்தை கொஞ்சமா? வெள்ளை லேஸ் காலரை ஊக்கால் குத்தினால் பரீட்சைக்குப் போகும் உடுப்பு. காலரை எடுத்துவிட்டு நீலப் பட்டு ஸ்கார்ஃபை இடுப்பில் கட்டினால் கல்யாண உடுப்பு. அதே ஸ்கார்ஃபைக் கழுத்தில் ஒரு பக்கமாய் முடிந்து, அவளுடைய வெள்ளித் தோட்டையும் போட்டுக்கொண்டால் பாட்டுக் கச்சேரிக்குப் போகலாம். ஒரு முறை ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம். மூன்றுக்கும் அந்த ஒரே கவுனில்தான் போய் வந்தோம், ஒருத்தி மாற்றி ஒருத்தி. பக்கத்து அறைப் பெண் எங்கள் தையல்காரி யாரென்று கேட்டாள். அந்தத் தையல்காரி ஊரை விட்டே போய்விட்டாள் என்று தில்ரோம் முகம் மாறாமல் சொன்னாள். அவள் நகர்ந்த பிறகு தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. தில்ரோம் கல்லூரியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றினாள். அதன் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் கூட்டத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து படித்தோம்.

பெஹ்ருஸ் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். இயற்பியல் நான்காம் வருஷம். பழுப்புக் கோட்டுக்காரப் பெண்ணைப் பல வாரங்களாகப் பார்ப்பதாக எழுதியிருந்தான். ஒரு புதன்கிழமை அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, பக்கத்தில் இருந்த கிழவிக்குக் கொடுத்தாளாம். போன வியாழக்கிழமை மின்சாரம் போய் பஸ் பாலத்துமேல் நின்றுவிட்டபோது, அவள் இறங்கி, குளிருக்குப் பயந்தோ என்னவோ மெல்லப் பாடிக்கொண்டே பாலத்தைக் கடந்தாளாம். அவன் பத்தடி பின்னால் நடந்து வந்தானாம். பாட்டு நின்றுவிடக் கூடாதே என்று கூப்பிடவில்லையாம். வருகிற வியாழன் மூன்று மணிக்குப் பாலத்தடித் தேநீர்க் கடையில் காத்திருப்பதாக முடித்திருந்தான்.

ரொட்டி கொடுத்தது தில்ரோம். பாடியது நான்.

அதை இருவருமே சொல்லவில்லை. தில்ரோம் காகிதத்தை மடித்தாள், திரும்பப் பிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பனி பெய்து கணவாய் மூடியதால் நாலு மாதமாக ஊருக்குப் போக முடியாமல், வீட்டுக் கடிதமும் வராமல் இருந்தவள் அவள்.

"மவ்ஸுனா, இந்த ஒரு வியாழன் மட்டும் மாத்திக்கலாமா?" என்றாள்.

"உன் கோட்டுதானேடி" என்றேன்.

வியாழக்கிழமை நானே அவளுக்கு உடுத்திவிட்டேன். கவுனுக்கு லேஸ் காலரைக் குத்திப் பார்த்தேன், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தது. எடுத்துவிட்டு நீல ஸ்கார்ஃபைக் கழுத்தில் முடிந்தேன். அவள் கை சில்லிட்டிருந்தது. ஜன்னலில் நின்று, அந்தப் பழுப்புக் கோட்டு தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன். நான் அதைப் போட்டுக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொழுது சாயும்போது வந்தாள். நல்லவன், அதிகம் பேசத் தெரியாதவன் என்றாள். பாலத்தில் நடந்ததைப் பற்றி ஏதாவது கேட்டானா என்றேன். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கோட்டு அவளோடு போயிற்று. நீல ஸ்கார்ஃபை என்னிடம் விட்டுப் போனாள். இரண்டு வருஷம் கழித்து இருவரும் வடக்கே வேறு நாட்டில், செல்யாபின்ஸ்க் நகரத்துக்குக் குடிபோனார்கள். முதல் வருஷம் நாலு கடிதம் வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமே இல்லை. நான் எழுதியவற்றுக்கும் பதில் வரவில்லை.

நான் இஸ்ஃபராவுக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்தினேன். ஷரீஃபைக் கல்யாணம் செய்துகொண்டேன். தங்கமான மனிதர். நான் சமையலறையில் பாடினால் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பார். அவர் போய் நாலு வருஷமாகிறது. மகள் துஷன்பேயில் இருக்கிறாள். பெஹ்ருஸை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பத்தடி பின்னால் ஒருவன் நடந்து வந்தான், அது எனக்குத் தெரியவில்லை என்ற நினைப்பு எந்த வேலைக்கு நடுவிலும் வந்து நிற்கும். ஆனால் அதைவிட அதிகமாகத் தேடியது தில்ரோமைத்தான். தெருவில் எந்தப் பெண்ணாவது ஸ்கார்ஃபை ஒரு பக்கமாய் முடிந்திருந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் போக முடியாது.

போன மார்ச்சில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அவள் ஊரான பஞ்சகெந்தில் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு, மூன்று வண்டி மாறி வந்திருந்தாள். தலை முழுக்க நரை. சமையலறையில் உட்கார வைத்து சூப்பும் ரொட்டியும் கொடுத்தேன். சூப்பைத் தொடவில்லை.

"அன்னிக்கு டீக்கடையில அவரு மொதல்ல கேட்டதே அந்தப் பாட்டைத்தான்டி" என்றாள். "நாங்க ரெண்டு பேரு, கோட்டு ஒண்ணுன்னு நான் உண்மையச் சொல்லிட்டேன். அப்போ பாடினது யாருன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன்."

நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் பாடச் சொன்னானாம். அந்தக் குளிரில் தொண்டை கெட்டுவிட்டது என்றாளாம். அவன் மறுபடி கேட்டதே இல்லையாம்.

"ஆனா எங்க பாலம் வந்தாலும் கொஞ்சம் பின்னால நின்னுட்டுத்தான் நடப்பாரு. இருபத்தெட்டு வருஷமா நான் திரும்பிப் பாக்காம நடக்கறேன். உன் கடிதாசி வந்தா பிரிக்காமலே வெச்சிருவேன். என்னன்னு பதில் எழுதறது?"

கத்தியிருப்பேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு வியாழன்தானே கேட்டே? குடுத்தேன். அவரையும் குடுத்ததாவே வெச்சுக்க. நீ எதுக்குடி என்னை விட்டுட்டுப் போனே?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. சூப்பைத் திரும்பச் சூடாக்கி வைத்தேன். அதைக் குடித்தாள்.

இரண்டு நாள் இருந்தாள். கிளம்பும்போது டாக்ஸி நிறுத்தத்தில், அவரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இத்தனை வயதுக்கு மேல் அவர் மனதைக் கலைப்பானேன் என்றும் சொன்னேன். சொன்னது வாய்தான். வண்டி கிளம்பியதும், சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறோம். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, செல்பேசித் திரையில் அவளுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். அதை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. கல்யாணத்துக்கு உடம்பு சரியில்லை என்று நான் போகவில்லை. சலாம் சொன்னார். என்னையே பார்த்தார். தெரிந்து பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. தில்ரோம் குனிந்துகொண்டாள்.

"உங்க ஊர் ஆப்ரிகாட் பூ எல்லாம் கொட்டிப்போச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் நாலு நாள் நிக்கும்" என்றேன்.

"ஒரு வருஷம் வந்து பாக்கணும்" என்றார்.

எல்லோரும் சொல்வதுதான். செல்யாபின்ஸ்க் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாலு நாளும் காலையில் எழுந்து முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வெளிக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன்.