இருபத்தெட்டுக் கதவுகள்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதம், தாராவியில் ஒரு சந்தின் இருபத்தெட்டுக் கதவுகளும் ஒரே வாரத்தில் வீங்கின. மழைக்காலத்தில் மரம் ஊறுவது அங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் அது வெயில் காலம், தகரக் கதவுகளும் சேர்ந்தே வீங்கியிருந்தன. விடியலில் இறுகிக்கொண்டு, பத்து மணிவாக்கில் தளர்ந்தன. தச்சர் வந்து முதல் கதவின் விளிம்பில் இழைப்புளியை ஓட்டியபோது, நான்கு வீடு தள்ளிப் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். இரண்டாவது கதவுக்கு வலது முழங்கால். தச்சர் கூலி வாங்காமல் போய்விட்டார்.

அவள் புருஷன் கணேசபாண்டியன் தோல் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் டாக்டர் சுரேந்திரன், முடக்குவாதம் என்றார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிப்பது எத்தனை, வீங்கியிருப்பது எத்தனை என்று எழுதினார். பிறகு பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஒரு கோட்டைக் காட்டி, உன் கஷ்டம் எங்கே இருக்கிறதோ அங்கே குறி போடு என்றார். ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து எல்லாம் ஒரே எண்ணாகும். அந்த எண் இறங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். கதவுகளைப் பற்றிக் கணேசபாண்டியன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்.

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை விழுங்கி ஆறு மாதம் ஆகியும் எண் இறங்கவில்லை. இனி ஊசிதான், அதை வெளியில்தான் வாங்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே கணேசபாண்டியன் தங்கள் கோலிக்கு விலை விசாரித்தான். அந்த ஒற்றை அறையைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. மாரீஸ்வரி எண்ணைத் தானே இறக்கிவிடுவதென்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து, வீக்கத்தை அமுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மெடிக்கல் கடையில் வாங்கி விழுங்கினாள். கோட்டில் இருபதில் குறி போட்டாள். டாக்டர் சந்தோஷப்பட்டு, நோய் அடங்கிவிட்டதென்று எழுதி, மருந்தைக் குறைத்தார். சந்திலும் அந்தச் சில நாட்கள் கதவுகள் லேசாகத் திறந்தன. பிறகு முன்பைவிட இறுகின.

எதிர் அறையில் தனியாக இருந்த ஜெயினுலாப்தீன் பாய்க்கு மட்டும் விஷயம் தெரிந்தது. அவர் கதவுதான் அவளுடைய வலது மணிக்கட்டு.

"டாக்டர்ட்ட இருபதுன்னு குறி போட்டியாம்லா, தாயி. எங்கதவு அப்படிச் சொல்லலியே."

"அவுக வீட்ட வித்துருவாக, பாய். யார்ட்டயும் சொல்லிராதிய."

அவர் சொல்லவில்லை. பத்து மணிக்கு முன்னால் வெளியே வரவேண்டிய வேலை எதையும் வைத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த ஜனவரியில் ஒருநாள் விடிந்ததும் அந்தக் கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. நெஞ்சை அடைக்கிறது என்றார் பாய். அறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே வேறொரு குடும்பம். பத்துப் பேர் தோள் கொடுத்தும் கதவு அசையவில்லை. கணேசபாண்டியன் கடப்பாரையைக் கொண்டுவந்து, ஓங்கிய கையோடு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"போடுங்க," என்றாள் அவள். "நான் தாங்கிக்கிடுதேன்."

முதல் அடியில் அவள் சுவரோரம் சரிந்தாள். மூன்றாவது அடியில் முந்தானையைக் கடித்த வாயில் ரத்தம் வந்தது. நான்காவதற்கு அவன் கை எழவில்லை. கீழே கிடந்தபடியே அவள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, அடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். சந்தில் ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை. எட்டு மணிவரை உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. பத்துக்குக் கால்மணி இருக்கும்போது அவள் மணிக்கட்டு தளர்ந்தது. ஒரு விரலால் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. பாயின் சில்லிட்ட கை, நீக்கிய தாழ்ப்பாளில் இருந்தது.

மறுவாரம் அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டை நீட்டியபோது, பேனாவை நூறில் நிறுத்தாமல் காகிதத்தைத் தாண்டி மேசைமேல் இழுத்துக்கொண்டே போனாள். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் வலது மணிக்கட்டு எலும்பு அரித்துப்போயிருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, எக்ஸ்ரேயை உறைக்குள் திரும்பப் போட்டார்.

கோலி விற்கப்பட்டது. வாங்கியவரிடமே அதை வாடகைக்கு எடுத்து இருந்துகொண்டார்கள். ஆறு மாத ஊசிக்குப் பிறகு எண் பாதிக்கு இறங்கியது. மிதமான பலன் என்று டாக்டர் எழுதினார். சந்துக் கணக்குப்படி பதினேழு கதவுகள் ஒழுங்காக மூடின, பதினொன்று மூடவில்லை. மூடாதவற்றைக் கழற்றுவதென்று எல்லோரும் பேசி முடிவெடுத்தார்கள். திருகாணிகளைக் கழற்றிய அன்று மாரீஸ்வரி செம்பூரில் நாத்தனார் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள், தூரம் உதவவில்லை.

பதினோரு வாசல்களில் இப்போது திரைச்சீலைகள் தொங்குகின்றன. பாயின் அறைக்கு உத்தரப் பிரதேசத்துக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. கழற்றிச் சுவரில் சாய்த்த அவருடைய கதவு, நிலைச்சட்டம் இல்லாமலேயே தினமும் விடியலில் வீங்கிப் பத்து மணிக்கு வற்றுகிறது. வற்றிய பிறகு அந்த வீட்டுப் பெண் அதன்மேல் ஈரத்துணி காயப்போடுகிறாள். துணி கனமாக இருந்தால், எதிர்வீட்டில் மாரீஸ்வரி தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அது காயும்வரை காத்திருக்கிறாள்.