குல்மார்க் ஃபைல்

சிங்காரத்தைக் குறை சொல்லக் கிள்ளைக் கிராமத்தில் ஓர் ஆள் கிடையாது. பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். வலை இழுத்த குடும்பத்தில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சிதம்பரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டான். "உனக்குக் கொடுத்து வச்சிருக்குதுடி" என்று அவனுக்குப் பேசி முடித்திருந்த இருசம்மாளிடம் சொல்லாதவர்கள் கடலூர் முதுநகரில் யாரும் இல்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் அது உண்மை மாதிரித்தானே ஒலிக்கும்.

பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் நல்லவன்தான். அதுதான் இந்தக் கதையில் வயிற்றைக் குமட்டுகிற விஷயம்.

இருசம்மாள் படகுக்காரர் பக்கிரியின் மூத்த மகள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். நாலு வருஷமாகப் பனிமலைகளைப் பற்றிப் பாடம் எடுத்தவளுக்குப் பனி என்றால் மார்கழி மாசத்து விடிகாலையில் புல்மேல் இருப்பது. பனிக்கட்டி என்றால் துறைமுகத்துக்கு மரத்தூள் போர்த்தி வந்து, மத்தியானத்துக்குள் மீனோடு சேர்ந்து நாறிவிடும் ஐஸ். பழைய பேப்பர் கடையில் வாங்கிய வெள்ளைக்காரப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்திருந்தாள். மலை முழுக்க வெள்ளை. கால்களில் நீளப் பலகை கட்டிக்கொண்டு ஒருத்தனும் ஒருத்தியும் சரிவில் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவள் வாயை முழுசாகத் திறந்து சிரிக்கிறாள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

அறுபத்தேழு ஐப்பசியில் பரிசம் போட்டு, தை மாசத்தில் கல்யாணம் என்று வைத்தார்கள். பரிசத்துக்கு அடுத்த வாரம் சிங்காரத்திடமிருந்து கடிதம் வந்தது. "கல்யாணம் முடிந்ததும் இப்போதெல்லாம் படித்தவர்கள் தேனிலவு போகிறார்கள். நாமும் போகலாம். எங்கே என்று உன் விருப்பத்தை விவரமாக எழுது."

உன் விருப்பத்தை! இருபத்துநாலு வயசு வரைக்கும் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. புடவைக் கலர்கூட அம்மாதான் முடிவு செய்வாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு, சந்தோஷத்தில்.

அப்பாவிடம் போய், "ஊர்வலத்துக்குக் காரும் வேணாம், பேண்டு வாத்தியமும் வேணாம்ப்பா. அந்தச் செலவுல எங்கள காஷ்மீருக்கு ரயில் ஏத்தி வுட்டுடுங்க" என்றாள். பக்கிரி மகளைத் திரும்பிப் பார்த்தார். "அங்க என்னாடி இருக்குது?" "பனிப்பா." "பனியப் பாக்கவா அம்மாந்தூரம்?" என்று கேட்டாரே தவிர, மறுப்புச் சொல்லவில்லை.

பிறகு உட்கார்ந்து சிங்காரத்துக்கு மூன்று தாள் எழுதினாள். பனிச்சறுக்கு ஆடும் இடங்கள் இரண்டு விசாரித்திருக்கிறேன். ஒன்று சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி, இன்னொன்று காஷ்மீரத்தில் குல்மார்க். குஃப்ரிக்குப் போவது சுலபம், ஆனால் சிம்லாக் கூட்டம் அங்கேயும் வந்துவிடும். குல்மார்க்குக்குப் பதான்கோட் வரை ரயில், அப்புறம் இரண்டு நாள் பஸ், கடைசியில் மட்டக்குதிரை. தங்குவதற்குச் சின்னச் சின்ன மரவீடுகள் உண்டாம். எனக்குக் குல்மார்க்தான் பிடித்திருக்கிறது. இவ்வளவும் பூகோள டீச்சர் எழுதியது. மூன்றாவது தாளை எழுதும்போது அவள் கை தானாக மெதுவாகிவிட்டது.

"எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட இடம் கிடையாது. சின்ன வயசிலிருந்து நான் யாரும் பார்க்காமல் ஒரு காரியம் செய்ததில்லை. அங்கே நான் வழுக்கி விழுவேன். விழுந்தால் சிரிப்பதற்கும் தூக்குவதற்கும் நீங்கள் ஒருத்தர் மட்டும் இருப்பீர்கள். அதற்காகத்தான் மாமா அவ்வளவு தூரம்."

எழுதிவிட்டு இரண்டு தடவை கிழிக்கப் போனாள். மூன்றாவது தடவை தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.

பதில் ஒரு கார்டில் வந்தது. "கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது." ஆபீஸ் பாஷையில் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்து அந்தக் கார்டை மூன்று நாள் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள், பைத்தியக்காரி.

அப்புறம் ஒரு மாசம் ஒன்றும் நகரவில்லை. குல்மார்க்கில் ஒரு தங்கும் விடுதிக்கு அவளே எழுதிப் போட்டிருந்தாள். மாசக் கடைசிக்குள் உறுதி சொன்னால்தான் மரவீடு கிடைக்கும் என்று பதில் வந்தது. இரண்டு கடிதம் எழுதியும் சிங்காரத்திடமிருந்து அதே 'பரிசீலனை' கார்டுதான். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாளோடு முடிந்ததும், வீட்டில் சொல்லாமலே சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். பரிசம் போட்ட பெண் மாப்பிள்ளையைத் தேடி ஆபீசுக்குப் போவதாவது என்று ஊரே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், மரவீடு போய்விட்டால் வராதே.

ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் பியூன் காத்தவராயன். "சிங்காரம் சாரைப் பாக்கணும்" என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "சார், குல்மார்க் வந்திருக்குது!" என்று கூவினான்.

உள்ளே ஏழெட்டு மேஜை. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. தலை நிமிர்ந்ததுகூடப் பரவாயில்லை, அத்தனை முகத்திலும் ஒரே சிரிப்பு. முன்பின் தெரியாத மனுஷர்கள், ரொம்ப நாள் பழகினவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். நடு மேஜையில் ஹெட்கிளார்க் ராமாமிர்தம். வாயில் வெற்றிலை, கடைவாயில் வழிகிற சாறு. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, "வாம்மா, வா. பாத்து வா, தரை வழுவழுன்னு இருக்குது. வுழுந்தா தூக்கறதுக்கு ஒருத்தர்தான் இருக்கணும், நாங்கல்லாம் வரக்கூடாதில்ல?" என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. அவள் எழுதின வார்த்தை. வெற்றிலை எச்சிலோடு அந்த வாயிலிருந்து வருகிறது.

சிங்காரம் ஓடிவந்தான். அவன் முகத்தில் குற்றம் எதுவும் இல்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். "நீயே வந்துட்டியா? நல்லதாப் போச்சு இருசா. நேத்துதான் எல்லாம் முடிஞ்சிது. ஒக்காரு, காட்றேன்" என்று நாற்காலி இழுத்துப் போட்டு, பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தான். பழுப்பு அட்டை, சிவப்பு நாடா. மேலே அவனுடைய குண்டு குண்டான கையெழுத்து: பொருள் — திருமணத்துக்குப் பிந்தைய பயணம் — இடத்தேர்வு — தொடர்பாக.

"என்னா மாமா இது?"

"நம்ம விஷயந்தான். எந்தக் காரியமா இருந்தாலும் நான் குறிப்பு போட்டு, மேல இருக்கறவங்க பார்வைக்கு வெச்சிடுவேன். ஊட்டுக்குக் கெணறு வெட்டறதுகூட இப்பிடித்தான் பண்ணேன். நாலு பேரு பாத்தா தப்பு வராது பாரு."

அவள் பிரித்தாள். முதல் பக்கத்தில் அவன் குறிப்பு: "மணமகளின் கடிதம் பக்கம் 7 முதல் 9 வரை காண்க. குஃப்ரி, குல்மார்க் ஆகிய இரண்டில் எது உகந்தது என்பது குறித்து ஆணை வேண்டப்படுகிறது." அதன் கீழே ஆளாளுக்கு ஒவ்வொரு மசியில் எழுதியிருந்தார்கள். கொடைக்கானலே போதும், பக்கம் என்று ஒருத்தர். "மணமகள் குளிர் தாங்கும் உடல்வாகு உடையவரா என்பது தெளிவாக்கப்படவில்லை" என்று ராமாமிர்தம். "கடற்கரை உடம்பு, உப்புப் போட்டது, கெடாது" என்று அதற்கு ஒருத்தர் பதில். கம்பளி எத்தனை வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்க, "இருவருக்கும் சேர்த்து ஒன்றே போதும்" என்று பக்கத்து மேஜை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. கையெழுத்து! இந்த அசிங்கத்துக்குத் தேதியும் கையெழுத்தும் வேறு.

ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள். அவளுடைய கடிதம். மூலையில் துளை போட்டு நூல் கோத்திருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 'கதவைச் சாத்திக்கொண்டு' என்ற இடத்தில் சிவப்புக் கோடு. 'ஒருத்தர் மட்டும்' என்ற இடத்தில் இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. தாளின் ஓரத்தில் வெற்றிலைச் சாறு பட்டு ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அந்த விரல் தன் கழுத்தில் பட்ட மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது. எழுந்து ஓடிப்போய்க் குளிக்க வேண்டும் போலிருந்தது. நாறின மீனை அளைந்து வளர்ந்தவள்தான். அந்த நாற்றம் சோப்புக்குப் போய்விடும்.

"இத எத்தினி பேரு படிச்சாங்க?"

சிங்காரம் விரல் விட்டு எண்ணினான். "ஆறு பேரு. பெரிய ஆபீசரு லீவு, அவரு மட்டும் பாக்கல. ஏன், எல்லாரும் கல்யாணம் ஆனவுங்கதான? அனுபவம் ஜாஸ்தி அவுங்களுக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கோவமா? கடைசி வரைக்கும் படி. உன் இஷ்டப்படிதான் முடிவாயிருக்குது. குல்மார்க்! ஹெட்கிளார்க்கே ஓகே போட்டுட்டாரு."

கடைசியில் அது இருந்தது உண்மைதான். 'குல்மார்க் — ஒப்புதல் அளிக்கப்படுகிறது. ரா.' அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த வெள்ளை மலையை நினைத்துப் பார்த்தாள். அங்கே அவள் விழுகிறாள். சரிவு நெடுக மேஜை போட்டு ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் திரும்பினதும் அடுத்த குறிப்பு போடுவான். முதல் பிள்ளை எப்போது பெறலாம் என்பதற்கும் ஒரு ஃபைல் திறப்பான். அதையும் நல்ல மனசோடு, அவளுக்காகவே செய்வான். குடிகாரனாக இருந்தால் திட்டலாம். அடிக்கிறவனாக இருந்தால் அப்பாவிடம் சொல்லலாம். இவனை என்ன என்று சொல்வது? சீ!

அவள் நாடாவை அவிழ்த்து, நூலை உருவி, தன் மூன்று தாள்களையும் எடுத்தாள். ராமாமிர்தம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"இருசா, என்னா பண்ற?" சிங்காரம் பதறிப்போனான். "அத எடுத்தா பக்க நம்பர் இடிக்குமே! ஆறுக்கு அப்புறம் பத்துன்னு வரும்!"

அதற்குத்தான் அவன் பதறினான். இன்னும் ஏதாவது சொல்வானா என்று அவள் நின்று பார்த்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். பாவி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தப்பு நடந்துபோச்சு என்று முகத்தையாவது தொங்கப்போட்டிருந்தால், அவள் உட்கார்ந்திருப்பாள்.

அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்து நீட்டினான். "எடுத்துக்க, பரவாயில்ல. ஆனா அந்த எடத்துல சீட்டு ஒண்ணு வெக்கணும். 'பக்கம் ஏழு முதல் ஒன்பது வரை பெற்றுக்கொண்டேன்'னு எழுதிக் கையெழுத்து போட்டுடு."

இருசம்மாள் வாங்கி எழுதினாள். "பக்கம் 7 முதல் 9 வரை திரும்பப் பெற்றுக்கொண்டேன். பரிசமாக வந்த புடவை, தட்டு முதலியவை வருகிற திங்கட்கிழமை கிள்ளைக்கு அனுப்பிவைக்கப்படும். இந்தக் கல்யாணம் வேண்டாம். பக்கிரி மகள் இருசம்மாள்." டீச்சர் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக.

சிங்காரம் சீட்டை வாங்கினான். குமாஸ்தா பழக்கம், கண் முதலில் அடியில் இருக்கும் கையெழுத்துக்குத்தான் போயிற்று.

"தேதி போடலியே இருசா" என்றான்.

பேனாவை மறுபடி வாங்கித் தேதியைப் போட்டுக் கொடுத்தாள். அவன் மேல்வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தபோது அவள் காத்தவராயனின் ஸ்டூலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தாள்.