ராணிக்கு ஒரு வரி

நெட்டை செத்துப்போனான் என்று போன் வந்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, 'இனிமேல் சனிக்கிழமையில் என் புருஷன் எனக்கு' என்ற நினைப்பு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கணவர் கல்லூரியில் பழைய மொழிகள் நடத்துபவர். நெட்டை அவரோடு வேலை பார்த்தவன். கல்லில் வெட்டிவைத்த ஒரு பழங்காவியத்தை இருவரும் பல வருஷமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ராஜாவின் உயிர்த்தோழன் செத்துப்போகிறான். நமக்கும் சாவு உண்டு என்று அப்போதுதான் ராஜாவுக்கு உறைக்கிறது. அதுதான் கதை. சனிக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேஜை அவர்களுடையது. ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுவார்கள், பிறகு வெடித்துச் சிரிப்பார்கள். கணவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பதை அவள் சமையலறையில் நின்றபடிதான் கேட்டிருக்கிறாள்.

கல்லூரி மாடிப்படியில் நெட்டை மூச்சடைத்து விழுந்தான். அதற்குப் பிறகு கணவர் தட்டில் சோற்றை அளைந்தாரே தவிர சாப்பிடவில்லை. நெட்டை மறந்து விட்டுப்போன ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் கை அவர் விரல்களையும் மூடியது. மொழிபெயர்ப்பு, தோழன் சாகிற இடத்தில் நின்றுபோயிருந்தது.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஆபரேஷன் நடந்தப்போகூட நீங்க இப்படி இடிஞ்சுபோகலையே!"

"நீ பொழைச்சுட்டியே" என்றார்.

"ஓகோ. இந்த மரியாதை வேணும்னா நான் செத்திருக்கணும்!"

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு நெட்டையின் மனைவியைப் பார்க்கப் போனாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கடையில் வேறு ஆள் இல்லை.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள் அந்த அம்மா. "உங்க வீட்டுல அவர் நல்லா பேசுவாரா?"

"வாய் ஓயாதுங்க."

"இங்க வெறும் 'உம்' தான். சனிக்கிழமை மட்டும் காலையிலேயே குளிச்சு, தலை சீவிக் கிளம்பிடுவார். உங்க வீட்டு மேல எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்!"

"எங்க வீட்டு மேலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற துணியால் மேஜையில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பியபோது கணவர் மேஜையில் மூடிவைத்த காகிதக் கட்டுக்கு முன்னால் இருந்தார். அவள் எதிர் நாற்காலியை இழுத்தாள்.

"அது அவன் உட்கார்ற இடம்" என்றார்.

"தெரியும். எனக்கும் கால் வலிக்குது." உட்கார்ந்தாள். "அந்த ராஜாவுக்குப் பொண்டாட்டி உண்டா?"

"உண்டு. ஒரே ஒரு வரி."

"அவ்வளவு பெரிய பாட்டுல ஒரே வரியா? என்ன பண்றா?"

காகிதங்களைப் புரட்டினார். "பிணத்துப் பக்கத்துல ராஜா உட்கார்ந்திருக்கான். ராணி வாசல்ல நிக்கிறா. நிக்கிறாளா, காத்திருக்காளான்னு எங்களுக்குள்ள சண்டை. ரெண்டுக்கும் ஒரே சொல்தான். நெட்டை 'நிக்கிறா'தான்னு ஒத்தைக் கால்ல நின்னான்."

"அவ பொறாமையில வெந்துக்கிட்டு இருக்கா. அப்படிப் போடுங்க."

அவர் நிமிர்ந்து, வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். உதடு கோணி, அந்த ஸ்வெட்டர் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். "நெட்டை, டேய் நெட்டை" என்று அரற்றினார்.

அவள் எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தன் பெயரை அவர் ஒருதரமாவது சொல்வாரா என்று காது கொடுத்தாள். சொல்லவில்லை. வயிறு எரிந்தது. ஆனாலும் பிடித்த பிடியை அவள் விடவில்லை.