டீச்சர் வீட்டு மாடியில் ஒன்பது கல்

எனக்கு ராசியான கை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் கோடகன் கால்வாய்க் கரை வயல்களில் அம்மாவோடு நாற்று நட இறங்கியவள் நான். கல்யாணம் முடிந்து சுத்தமல்லிக்கு வந்த பிறகு பதினான்கு வருசம் பீடி சுற்றினேன். இருமலும் முதுகுவலியும்தான் மிச்சம். போன வருசம் ஒருநாள் பீடித்தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி, வீடு வீடாக மாடித்தோட்டம் வைத்துக்கொடுக்கக் கிளம்பிவிட்டேன். இசக்கிச்செல்வி என்று பெயர் போட்டு, கீழே போன் நம்பர் போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் ஒரு அட்டையும் ஒட்டினேன்.

“பாப்போம், எத்தனை நாளைக்குன்னு” என்றார் என் வீட்டுக்காரர் சுடலையாண்டி. அந்த ஒரு சொல்லுக்காகவே ஜெயித்தாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

பேட்டையைத் தாண்டி இருக்கிற ஆசிரியர் காலனியில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வீடு ராஜராஜேஸ்வரி டீச்சருடையது. சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளை மிரட்டிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. சுத்த சைவம். நான் முதல் நாள் மீனும் வெல்லமும் ஊறப்போட்ட கரைசலை ஒரு வாளியில் கொண்டுபோனபோது, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏட்டி, அந்த வாளி என் வீட்டுக் கேட்டைத் தாண்டப்படாது” என்றார். செடிக்கு அதைப்போல ஊட்டம் வேறு இல்லை. என்றாலும் அவருடைய வீடு, அவருடைய சட்டம். திருப்பிக் கொண்டுபோய் எங்கள் வீட்டு முருங்கைக்கு ஊற்றினேன்.

நாற்பது பைகளில் செம்பருத்தி, வெண்டை, கத்தரி, தக்காளி என்று தை மாதம் வைத்துக்கொடுத்தேன். மாசியில் மாடி பச்சென்று இருந்தது. காலனிச் சங்கத்துச் செயலாளர் காந்திமதிநாதன் அண்ணாச்சி ஏறி வந்து பார்த்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒருமுறைக்கு மூன்றுமுறை யோசிக்கிறவர்.

“இருபத்திரண்டு வீடும், செடியே இல்லாத அந்த மொட்டைப் பார்க்கும் இருக்குல்லா. எல்லாத்தையும் உன் பொறுப்புல விட்டா என்னன்னு தோணுது. ஆனி மாசக் கூட்டத்தை இந்த மாடியிலேயே வச்சுக்கிடுவோம். அப்ப இந்தத் தோட்டத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிப் போனேன் என்று எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வீடு! அது கிடைத்துவிட்டால் அந்தப் பீடித்தட்டு பரணைவிட்டு இறங்கவே வேண்டாம்.

பங்குனி வெயில் வந்தது. செம்பருத்தி மொட்டு உதிர்ந்தது, இலை மஞ்சளடித்தது. எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். நிழல்வலை கட்டினேன். புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தேன். “கொஞ்சம் பொறுங்க டீச்சர், வேரு பிடிச்சுக்கிடும்” என்றேன்.

டீச்சருக்குப் பொறுமை ஏது? பெங்களூரில் இருக்கிற தங்கை மகள் சுப்ரஜாவிடம் போனில் புலம்பியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு பார்சல் அனுப்பிவிட்டாள். உள்ளே ஒன்பது கல். வெள்ளை, ரோஸ், ஊதா என்று கண்ணாடி மாதிரி மினுங்கின. எந்தக் கல்லை எந்தச் செடிக்கு அடியில் வைத்தால் என்ன சக்தி பாயும் என்று ஒரு தாளும் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

“என்னட்டி இளிக்கே? ஸ்படிகம்ட்டி இது. எங்க வீட்டுல ஸ்படிக லிங்கத்துக்கு மூணு தலைமுறையா பூசை நடக்கு, தெரியுமா?”

“சாமிக்குப் பூசை நடக்கட்டும் டீச்சர். கத்தரிக்காய்க்கு எதுக்குக் கல்லு?”

“உனக்குத் தெரியாதது உலகத்துல ஒண்ணுமில்லைன்னு நெனைக்காத.”

ஒன்பது பைகளில் ஒன்பது கல்லை வைத்து, படம் எடுத்து, காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்றைக்கே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். என்னவோ செய்துவிட்டுப் போகட்டும், கல் செடியைத் தின்றுவிடவா போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் கணுக்கணுவாகத் தேய்த்துக் கழுவினேன். புதன்கிழமை சுத்தமாக இருந்த செடி சனிக்கிழமை பழையபடி வெளுத்துக் கிடந்தது. மறுபடியும் கழுவினேன். மறுபடியும் வந்தது. வெண்டைக்குத் தாவியது, கத்தரிக்குத் தாவியது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து அடித்ததில் என் கண்தான் எரிந்ததே தவிர, பூச்சி அசையவில்லை.

காலனிக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மூன்றாவது தெரு கோமு அக்கா, சித்திரை பிறந்ததும் தோட்டம் வைக்கச் சொல்லியிருந்தவர், “இப்ப வேண்டாம் செல்வி, பொறவு பாப்போம்” என்று போனை வைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே என் வீட்டுக்காரர், “அந்தத் தட்டை இறக்கித் தொடச்சு வைக்கட்டுமா?” என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். இருந்தாலும் அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதிலும் என்மேலேயே வந்தது. படுத்துக்கொண்டே பை பையாக நினைத்துப் பார்த்தேன். எது முதலில் பட்டது? எது அடுத்து? நினைக்க நினைக்க ஒன்று பிடிபட்டது. முதலில் வெளுத்ததெல்லாம் கல் வைத்த ஒன்பது பைகள்தான். அங்கேயிருந்துதான் மற்றவற்றுக்குப் பரவியிருந்தது. கல்லில் பூச்சி பிறக்குமா என்ன? வேறு ஏதோ நடக்கிறது.

நான் எப்போதும் பத்து மணிக்குப் போகிறவள். மறுநாள் வெள்ளிக்கிழமை, என்னுடைய முறைநாளே இல்லை, காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். பால்காரருக்காகக் கேட் திறந்திருந்தது. வெளிப்படிக்கட்டு வழியாக ஏறித் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தார். ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு கையில் செம்பு, மறு கையில் சின்னக் கிண்ணம். முதல் பைக்குமுன் குனிந்து, ஏதோ பதிகத்தை முணுமுணுத்தபடி, கல்லின்மேல் மெல்லப் பாலை ஊற்றினார். பிறகு கிண்ணத்திலிருந்து தேன். பிறகு கொஞ்சம் பஞ்சாமிர்தம். பொட்டு வைத்துவிட்டு அடுத்த பைக்குப் போனார்.

சுப்ரஜா அனுப்பிய தாளில் பாலும் இல்லை, தேனும் இல்லை. ஆனால் ஸ்படிகம் என்று ஒன்றைக் கண்டால், அபிசேகம் பண்ணாமல் சும்மா விடுகிற கையா அது?

“டீச்சர்!” என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. “ஏட்டி! நீ எப்ப வந்தே?”

“தெனமும் இப்படித்தான் ஊத்துதியளா?”

“தெனமும் பால்தான். வெள்ளிக்கிழமைதான் தேனும் பஞ்சாமிர்தமும். ஏன், உங்கிட்ட உத்தரவு கேக்கணுமா?”

குனிந்து அந்த ரோஸ் கல்லைத் தூக்கினேன். அடியில் எறும்பு கொத்துக் கொத்தாகக் கலைந்து ஓடியது. மண்ணை விரலால் விலக்கினேன். தண்டின் அடியில், வேர் தொடங்குகிற இடத்திலேயே, வெள்ளைப் பூச்சி அப்பிக் கிடந்தது. எறும்பு வரிசை தண்டில் ஏறிக் கொழுந்துவரை போனது. மூன்று வாரமாக நான் இலையைக் கழுவிக்கொண்டிருந்தேனே ஒழிய, ஒருநாளாவது கல்லைத் தூக்கி மண்ணைப் பார்த்தேனா? கல்லை இளக்காரமாக நினைத்ததில், அந்தப் பக்கமே நான் கண்ணைத் திருப்பவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

“பாலுக்கும் தேனுக்கும் எறும்பு வருது டீச்சர். எறும்புதான் இந்தப் பூச்சியைச் சுமந்துகிட்டு வந்து குடிவைக்குது. நான் கழுவக் கழுவ அது திரும்பக் கொண்டாந்து விடுது.”

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. “என் சாமியக் குத்தம் சொல்லுதியா?”

“சாமியச் சொல்லல. பாலைச் சொல்லுதேன்.”

அப்படிச் சொல்ல எனக்கு எங்கேயிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே போ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. இருபத்திரண்டு வீடும் போச்சு.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு எறும்பு பூச்சியைக் கொம்பால் தட்டுவதையும், பூச்சி ஒரு சொட்டு இனிப்பு நீரை விடுவதையும், எறும்பு அதைக் குடிப்பதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கூட்டுயிர் வாழ்க்கை” என்றார் கடைசியில். “அது பூச்சிக்குக் காவல், இது எறும்புக்குச் சாப்பாடு. இதைப் படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளை முட்டி போட வச்சிருக்கேன் தெரியுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அடக்கிக்கொண்டேன்.

“செல்வி, இது நமக்குள்ள இருக்கட்டும். நான் குழுவுல படமெல்லாம் போட்டிருக்கேன். சயின்ஸ் டீச்சர் இப்படிச் செஞ்சாளான்னு ஊரு சிரிக்கும்.”

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்” என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கே ஒன்பது கல்லையும் கழுவி ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, லிங்கத்துக்குப் பக்கத்தில் பூசையறைக்கு அனுப்பிவைத்தோம். அபிசேகத் தண்ணீரைக் காலில் மிதிபடாத இடத்தில்தானே ஊற்ற வேண்டும்? அது இனிமேல் கீழே வளர்ந்து நிற்கிற தென்னைக்குப் போகட்டும் என்றேன். அது எதையும் குடிக்கும்.

பிறகு என் வேலை. மோசமாகப் பட்ட கிளைகளை வெட்டி எரித்தேன். வேப்பம்பிண்ணாக்கை ஊறவைத்து வேருக்கு ஊற்றினேன். பைகள் இருந்த பதினான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் கால் ஒவ்வொன்றையும் தேங்காய்ச் சிரட்டைக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விட்டேன். சோற்றுப்பானைக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்த்தட்டு வைக்கிறோமில்லையா, அதேதான். ஐம்பத்தாறு சிரட்டை. தெருத்தெருவாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். தினமும் காலை டீச்சரே சிரட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கழுவின செடி கழுவினபடியே நின்றது. வைகாசிக் கடைசியில் கொழுந்து விட்டது.

ஆனி பிறந்து சாரல்காற்று வீசத் தொடங்கியது. கூட்டத்தன்று காலையில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு செம்பருத்தி. வெண்டை விரல் நீளத்துக்குத் தொங்கியது. கத்தரி காய்த்துக் கிளை வளைந்திருந்தது. ஊரே வந்து பாருங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. அவ்வளவு பெருமை.

சாயங்காலம் மாடி நிறைய ஆட்கள். காந்திமதிநாதன் அண்ணாச்சி கத்தரிக்காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ன இருந்தாலும் குழுவுல படம் போட்ட அந்தக் கல்லுக்கு ஒரு சக்தி இருக்கத்தான் செய்யுது. டீச்சர், அது எங்கன கிடைக்கும்? பார்க்குக்கும் வாங்கிப் போட்டுருவோம்.”

“எனக்கும் ஒரு செட்டு சொல்லுங்க” என்றார் கோமு அக்கா. ஆளாளுக்கு விலை விசாரித்தார்கள்.

கல்லா? ஐம்பத்தாறு சிரட்டை சுமந்தவள் இங்கே நிற்கிறேன், கல்லா? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கொடுத்த வாக்கு தடுத்தது. நான் பேசினால் டீச்சருக்கு அவமானம், பேசாவிட்டால் என் பிழைப்பு போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தார்.

“கல்லு ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி” என்றார், வகுப்பில் பேசுகிற குரலில். “நான்தான் பண்ணினேன். கல்லுக்குப் பாலும் தேனும் ஊத்தி, எறும்பைக் கூப்பிட்டு, இந்தத் தோட்டத்தைச் சாக விட்டது நான். கண்டுபிடிச்சதும் இவ, காப்பாத்தினதும் இவ. எம்மானம் போகக்கூடாதுன்னு இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காம நிக்கா பாருங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அண்ணாச்சி இந்தத் தடவை மூன்றுமுறை யோசிக்கவில்லை. “அப்ப இருபத்திரண்டு வீடும் பார்க்கும் செல்விக்குத்தான். எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். “நீ ஏதும் சொல்லணுமாம்மா?”

சொல்ல வேண்டியது இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “ஒரே ஒரு கண்டிசன். செடிக்கு எதை ஊத்தணும்னாலும், எதை வைக்கணும்னாலும், முதல்ல எங்கிட்டக் கேக்கணும். இந்தக் காலனியில யாரா இருந்தாலும் சரி.”

“நானுமாட்டி?” என்றார் டீச்சர்.

“நீங்கதான் முதல்ல.”

முப்பத்திரண்டு வருசம் எல்லாரையும் கைகட்டி நிற்க வைத்தவர், தன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

“சரிங்க டீச்சர்” என்றார் என்னைப் பார்த்து.

அண்ணாச்சி சிரித்தார், கோமு அக்கா சிரித்தார், மாடி முழுக்கச் சிரித்தது. ராஜராஜேஸ்வரி டீச்சர் சிரிக்கவில்லை.